காட்டப்பட்ட குடும்பங்கள்: 2,316

ஜனவரி 2, வியாழன்

இந்த டைரியைச் சுகந்திதான் கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ உரக் கம்பெனிக்காரன் கொண்டுவந்து போட்டதாம். "ஆபீஸ் கோபத்தை எல்லாம் இதுல எழுதுக்கா. எங்க மேல இறக்காத" என்றாள். நான் யார் மேல் இறக்கினேன்? சரி, எழுதுகிறேன். எழுதுவதற்கு விஷயமா பஞ்சம்.

இன்று முதலாளி வைத்தியலிங்கம் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "ஏம்மா தமயந்தி, உங்க பேச்சைக் கேட்டு முப்பத்திரண்டு மாடு வாங்கிக் கட்டியிருக்கேன். ஒண்ணுதான் உழுவுது. மிச்சமெல்லாம் அசை போட்டுக்கிட்டு நிக்குது. இதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

மாடு என்று அவர் சொன்னது புது சர்வரில் இருக்கும் கோர்களை. எங்கள் ஆபீஸ் தில்லைநகரில் ஒரு திருமணத் தகவல் மையம். பெண், பிள்ளை என்று லட்சக்கணக்கான ஜாதகங்கள் டேட்டாபேஸில் கிடக்கின்றன. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை. தை முதல் தேதி காலையில், பதிவு செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரன் பட்டியல் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பெண் ஜாதகத்தையும் பிள்ளை ஜாதகங்களோடு வைத்துப் பொருத்தம் பார்த்து முடிப்பதற்குள் பழைய சர்வருக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் புதுசு வாங்கச் சொன்னேன்.

கோர் என்றால் சர்வருக்குள் இருக்கும் ஒரு மூளை. ஜாதகங்கள் அடுக்கியிருக்கும் டேபிளை, அதாவது அந்தப் பெரிய அட்டவணையை, ஒரே மூளை தலைமுதல் கால்வரை படிக்க வேண்டியதில்லை. டேட்டாபேஸே அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மூளைக்கு ஒன்றாகக் கொடுக்கும். முடித்தவர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்வார். கடைசியில் ஒருத்தர் எல்லார் கையிலிருந்தும் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பார். கல்யாண வீட்டில் காய் நறுக்குவது போலத்தான். எங்கள் கல்யாண வீட்டில் ஒருத்தர் மட்டும் வியர்த்து விறுவிறுத்து நறுக்குகிறார், மற்ற எல்லாரும் கை கட்டி நிற்கிறார்கள். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று அந்த மனிதர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு பஞ்சாயத்து. சுகந்திக்குப் பார்த்திருக்கும் பெரம்பலூர்க்காரர் காணும் பொங்கலன்று பூ வைக்க வருகிறாராம். அம்மா சரி சொல்லிவிட்டாள். வயது நாற்பத்துநாலு, இரண்டாம் தாரம், இரண்டு பிள்ளைகள். சுகந்தி வேலையை விட வேண்டும். அவளுக்கு மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அந்த வீட்டில் மாமனார் உயிரோடு இல்லை, அதனால் பரவாயில்லையாம். மாமனார் செத்துப்போன வீடாகப் பார்த்துப் பெண் கொடுக்க வேண்டிய நிலைமைக்கு என் தங்கையைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"நீ என்ன சொல்ற?" என்று சுகந்தியைக் கேட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "வேற என்ன சொல்லணும்?" என்றாள்.

ஜனவரி 3, வெள்ளி

பாலில் தண்ணீர். கேட்டால் பால்காரர், "மார்கழி மாசம்மா" என்கிறார். மார்கழிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சொன்னால் தேவலை.

ஜனவரி 4, சனி

சென்னையிலிருந்து சர்வர் விற்ற கம்பெனி ஆள் வந்தான். பார்த்தான். "மெஷின் பக்கா மேடம், உங்க சைடுலதான் ஏதோ" என்று காபி குடித்துவிட்டுப் போனான்.

என் பக்கத்தைக் குடைந்தேன். இந்த வேலையை எப்படிச் செய்யப்போகிறாய் என்று டேட்டாபேஸையே கேட்கலாம். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அது தன் திட்டத்தைச் சொல்லும். கேட்டேன். "ஒரே ஆள், முதலிலிருந்து கடைசிவரை" என்ற மாதிரி ஒரு திட்டத்தை நீட்டியது. டேபிள் சின்னதாக இருந்தால் அது அப்படித்தான் செய்யும், அதில் நியாயம் உண்டு. இரண்டு வெங்காயம் நறுக்கப் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் கூப்பிடும் நேரத்துக்கு நறுக்கியே முடித்துவிடலாம். ஆனால் எங்களுடையது வெங்காய மண்டி. ஒரு வேலைக்கு இத்தனை பேர்தான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். அது இரண்டு என்று கிடந்தது. பதினாறு ஆக்கினேன். மறுபடி கேட்டேன். ஒரே ஆள்தான் என்றது. இதென்ன பிடிவாதம்.

எட்வின் எட்டிப்பார்த்தான். இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன், என் பக்கத்து நாற்காலி. "நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே மேடம், நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் பாக்கறீங்க" என்றான். கிண்டலா, அனுதாபமா, தெரியவில்லை. முறைத்தேன். போய்விட்டான்.

மாலையில் சுகந்தியின் போனுக்கு எங்கள் கம்பெனி செய்தி வந்தது. அவள் ஜாதகமும் எங்களிடம் பதிவாகியிருக்கிறது, மாதாமாதம் வருவதுதான். 'உங்கள் ஜாதகம் இதுவரை காட்டப்பட்ட குடும்பங்கள்: 2,316.' அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நாலு வருஷமாக இவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர்கூடப் போன் செய்யவில்லை. நட்சத்திரம்தான் தடை என்றால் காட்டியே இருக்க மாட்டார்களே. காட்டியிருக்கிறார்கள், பார்த்திருக்கிறார்கள், வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொரு போட்டோ எடுடி. கொஞ்சம் சிரிச்ச மாதிரி. இப்ப இருக்கறதுல யாரையோ அடிக்கப்போற மாதிரி இருக்க" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். இது நாலாவது போட்டோ. சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எடுத்தேன். முன்னைவிடப் பரவாயில்லை.

ஜனவரி 6, திங்கள்

பிடித்துவிட்டேன்.

எல்லாக் கோளாறும் அந்தப் பொருத்தம் பார்க்கும் ஃபங்ஷனால்தான். ஃபங்ஷன் என்றால் எங்கள் பாஷையில், ஒரு கணக்கைப் போட்டுத் தரும் சின்ன நிரல். இரண்டு ஜாதகத்தைக் கொடுத்தால் எத்தனை பொருத்தம் என்று சொல்லும். நான் வருவதற்கு முன்பே முதலாளி யாரையோ வைத்து எழுதி வாங்கியது. ஜோசியர் சொல்லச் சொல்ல எழுதினார்களாம். அதைத் திறக்கக் கூடாது, அது கம்பெனி ரகசியம் என்று முதல் நாளே எனக்குக் கட்டளை.

டேட்டாபேஸுக்கு ஒரு விதி. ஒரு ஃபங்ஷனைப் பல மூளைகள் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஆபத்து வராது என்று எழுதியவர் தம் வாயால் உறுதி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது ஆபத்தானது என்றே வைத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. அப்படி ஒரே ஒரு ஃபங்ஷன் கலந்திருந்தாலும் மொத்த வேலையும் ஒற்றை மூளைக்குத்தான். மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்து ஒதுக்கிவைக்கிற புத்தி. மனுஷருக்கு இருப்பது போதாதென்று மெஷினுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் போனேன். "சார், அந்த ஃபங்ஷனைத் திறந்து பாக்கணும்."

"அது ஜோசியர் சமாச்சாரம்மா. அதுல கை வைக்காதீங்க."

"கை வைக்காம எப்படி சார் ஓடும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை வெச்சிருக்கேன்."

சோறு வடிக்கச் சொல்லிவிட்டுப் பானையைத் தொடாதே என்கிறார்.

ஜனவரி 8, புதன்

பானையைத் தொடாமலே ஒரு வழி இருந்தது. உள்ளே திறக்காமல் மேலே இருக்கும் சீட்டை மட்டும் மாற்றலாம். சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரில் 'இது பாதுகாப்பானது' என்று எழுதி ஓட்டினேன். கோர்கள் எல்லாம் குபீரென்று எழுந்தன. பார்க்கவே ஆசையாக இருந்தது. அடுத்த மூச்சில் எல்லாம் படுத்துவிட்டன. திரையில் ஒரு பிழைச் செய்தி: பலர் சேர்ந்து ஓடும் நேரத்தில் டேபிளில் புதிதாக எதையும் எழுத முடியாது.

எழுதுவதா? பொருத்தம் பார்க்கிற ஃபங்ஷன் எதற்கு எழுத வேண்டும்? அது ஜாதகத்தைப் படிக்கலாம், கணக்குப் போடலாம், எண்ணைச் சொல்லலாம். எங்கே எதை எழுதுகிறது? இனி திறக்காமல் இருக்க நான் என்ன கல்லா.

வீட்டில் எட்வினிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஃபங்ஷன் சேஃப் இல்லைன்னு போட்டிருக்கு எட்வின், அதான் நிக்குது. உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு. தைக்குள்ள சரி பண்ணலைன்னா நிறுத்திட வேண்டியதுதான்" என்றேன். திரும்பினால் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"ஃபங்ஷனை எதுக்குடி நிறுத்தணும்? என்ன வில்லங்கம்? யாரு சொன்னது? அந்தாளுக்கு வேற குடும்பம் இருக்கா?"

அது கம்ப்யூட்டர் ஃபங்ஷன் என்று புரியவைப்பதற்குள் குக்கர் ஐந்து விசில் அடித்துவிட்டது. பருப்புக் குழைந்து கஞ்சியாகிவிட்டது. சுகந்தி அடுப்படியிலிருந்து சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்துவிட்டு, "நிறுத்தினாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி ரசத்தை இறக்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஊரே ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் முன்னால் நிற்கிறது. முதலாளியும் குடும்பத்தோடு அங்கேதான். நான் ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஃபங்ஷனைத் திறந்தேன்.

வேகமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாகப் போகிறது. போகட்டும்.

பொருத்தக் கணக்குக்கெல்லாம் முன்னால், ஆரம்பத்திலேயே நாலைந்து வரி. பெண்ணின் நட்சத்திரம் மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் இந்த நாலில் ஒன்று என்றால் கணக்கே போடாதே. பூஜ்யம் என்று சொல்லி வெளியே வந்துவிடு. அதாவது அந்தப் பெண்ணின் ஜாதகம் எந்தப் பிள்ளை வீட்டுப் பட்டியலிலும் ஏறாது. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை புருஷனின் அண்ணனுக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. மாமனார் மாமியார் கொழுந்தன் எல்லாரையும் காப்பாற்றுவதற்குக் கம்பெனி நடத்துகிறார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட அயோக்கியத்தனம் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். வெளியே வருவதற்கு முன்னால் இன்னொரு வரி. 'காட்டப்பட்டவை' என்ற டேபிளில் ஒரு பதிவு எழுது: இந்தப் பெண், இந்தக் குடும்பத்துக்குக் காட்டப்பட்டாள்.

காட்டவே இல்லை. காட்டாத ஒவ்வொரு தடவையும் காட்டியதாக எழுதிவைக்கிறது. மாதாமாதம் போகும் செய்தியில் வருவது அந்த எண்ணிக்கைதான். இந்தப் பொய்யை எழுத வேண்டியிருப்பதால்தான் எல்லா மூளையும் சேர்ந்து ஓட முடியவில்லை.

சுகந்தியின் பதிவு எண்ணைத் தட்டினேன். காட்டப்பட்டவை: 2,316. உண்மையில் யார் யார் வீட்டுக்குப் பட்டியல் போனதோ அந்த டேபிளில் தேடினேன். அவள் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நாலு வருஷத்தில் ஒரு வீட்டுக்குக்கூட இல்லை.

என் தங்கையை யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவளை யாரும் பார்க்கவே இல்லை. இவன்கள் விளங்குவார்களா.

ஜனவரி 11, சனி

முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நெற்றியில் ஏகாதசித் திருமண் இன்னும் அழியவில்லை. திறந்தேன், பார்த்தேன், இதுதான் இருக்கிறது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உக்காருங்கம்மா. மூலம்னு ஜாதகம் அனுப்பினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன பண்றான் தெரியுமா? எனக்குப் போன் போட்டு, எங்கப்பாவைக் கொல்லப் பாக்கறீங்களான்னு கேக்கறான். அடுத்த வருஷம் பணம் கட்ட மாட்டேங்கறான். நான் கடை நடத்தறேன்ம்மா, சீர்திருத்தம் பண்ணல."

"காட்டலைன்னா காட்டலைன்னு சொல்லிடலாமே சார். காட்டினதா எதுக்கு எழுதறீங்க?"

"அது ஒரு ஆறுதலுக்கு."

"யாருக்கு?"

"பொண்ணப் பெத்தவங்களுக்குத்தான். நம்ம பொண்ணு ஜாதகம் நாலு இடத்துக்குப் போவுதேன்னு ஒரு நிம்மதி. சைபர்னு போட்டா மனசு உடைஞ்சு போயிடாதா?"

ஆறுதலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சைபர் என்றால் அந்தப் பெண் ராஜாத்தி மாதிரி இருந்திருப்பாள். 'யாருக்கும் காட்டலையா, ஏன்டா காட்டலை' என்று இவர் சட்டையைப் பிடித்திருப்பாள். எண்ணிக்கை ஏற ஏற அவள் கண்ணாடியில் தன் மூஞ்சியைத்தான் பார்த்தாள். மூக்கு சரியில்லையோ, நிறம் போதாதோ, பல் துருத்துகிறதோ என்று நாலு வருஷம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். என் தங்கை அதில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. இவர் வாயால் அவள் பெயர் வரக் கூடாது.

நான் நிறுத்தியதும் கேட்டார்: "சரிம்மா. அந்த எழுதற வேலையைத் தனியாப் பிரிச்சு, கணக்கெல்லாம் முடிஞ்சப்புறம் ஓட விட்டா? அப்ப முப்பத்திரண்டும் உழுவும்ல?"

மனிதர் மக்கு இல்லை. நான் சொல்ல வேண்டிய யோசனையை அவரே சொல்லிவிட்டார். முதலில் எல்லாரும் சேர்ந்து கணக்கு, பிறகு ஒருத்தர் உட்கார்ந்து பொய். அரை நாள் வேலை.

"முடியும் சார்" என்றேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடிகிற வேலையை முடியாது என்று சொல்ல இந்த நாக்குக்கு வராது.

"அப்ப முடிச்சுடுங்க. பொங்கலுக்குப் பட்டியல் போகணும்" என்று போனை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

போகிக்கு முன்னால் வீட்டைத் துடைத்தோம். பரண் மேலிருந்து என் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று விழுந்தது. அம்மா சட்டென்று எடுத்துப் பழைய பேப்பரோடு சேர்த்துவிட்டாள். எனக்கு ரோகிணி. பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று ஊரே மெச்சியது. அதைப் பற்றி எழுத இந்த டைரியை வாங்கவில்லை.

சுகந்தி ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். 'சொந்தக் காரணங்களால்' என்று ஆரம்பித்து, அடுத்து என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வுக்கு முன்னால் போனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் யார் நடத்துவார்கள் என்று அவளுக்குக் கவலை. பெரம்பலூர்க்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

"இப்ப குடுக்காத" என்றேன்.

"ஏன்?"

"குடுக்காதன்னா குடுக்காத. எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்காத."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னால், அக்கா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். எண்ணை நம்பிச் சாகிறவளுக்கு எண்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவெல்லாம் டயர் புகை. இருமிக்கொண்டே ஆபீஸ் போனேன்.

அந்த வரிகளை எடுத்துவிட்டேன். நாலு நட்சத்திரத்தை ஒதுக்கும் வரியையும் எடுத்தேன், பொய் எழுதும் வரியையும் எடுத்தேன். 'காட்டப்பட்டவை' டேபிளில் அது எழுதிக் குவித்திருந்த பொய்ப் பதிவுகளை எல்லாம் அழித்தேன். நாளைப் பட்டியலோடு எல்லாருக்கும் போகும் செய்தியில் எண்ணிக்கை, பட்டியல் உண்மையில் போன வீடுகளிலிருந்து வருகிற மாதிரி மாற்றி, இந்தத் தையில் எத்தனை வீடு என்றும் சேர்த்தேன். இப்போது அந்த ஃபங்ஷன் படிக்கிறது, கணக்குப் போடுகிறது, எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். பாதுகாப்பானது என்று சீட்டு ஒட்டினேன். இந்தத் தடவை அது உண்மை.

திட்டம் என்ன என்று கேட்டேன். பதினாறு பேர் என்றது. ஓட விட்டேன். இத்தனை நாள் செத்துக் கிடந்த கோர்களில் பாதி ஒன்றாக எழுந்து நின்றன. மிச்சத்தை இணையதளத்துக்கு விட்டுவைத்திருக்கிறேன். எட்வின் டீ வாங்கிக்கொண்டு வந்தான். டீ ஆறுவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அவன் திரையைப் பார்த்தான், நான் அழித்த வரிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இதுல கேட்டை இருக்கே மேடம்."

"இருந்துச்சு."

"என் ஒய்ஃபோட தங்கச்சிக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கா, கேட்டை. நான்தான் இங்க பதியச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

முதலாளிக்குப் போன் செய்து பட்டியல் தயார் என்றேன். மகா சந்தோஷம். "எண்ணிக்கையெல்லாம் சரியாப் போவுதுல்லம்மா?" என்றார்.

"சரியாத்தான் சார் போகுது" என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விடிந்ததும் குளித்து, வாசலில் கோலம் போட்டு, அடுப்பில் பானையை ஏற்றியிருந்தோம். பால் பொங்கும் நேரம். சுகந்தியின் போன் சத்தம் போட்டது. நான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

படித்தாள். மறுபடியும் படித்தாள். "அக்கா, உங்க ஆளுங்க தப்பா அனுப்பியிருக்காங்க" என்று நீட்டினாள்.

'உங்கள் ஜாதகம் இதுவரை காட்டப்பட்ட குடும்பங்கள்: 0. இந்தத் தையில் காட்டப்படும் குடும்பங்கள்: 187.'

"தப்பு இல்ல" என்றேன். "இத்தனை நாளா வந்துதே, அதுதான் தப்பு."

சொன்னேன். மூலம், அந்த வரி, அந்த டேபிள், எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல வேண்டிய அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுகந்தி அழவில்லை. "ஒருத்தர்கூடப் பாக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். "ஒருத்தர்கூட இல்லை" என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெரம்பலூருக்குப் போன் போட்டாள். "பொங்கல் வாழ்த்துங்க. நாளை மறுநாள் நீங்க பூ வைக்க வர வேண்டாம். எனக்கு இதுல சம்மதம் இல்லை. இல்லைங்க, கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை. வேலையை விட முடியாது. வெச்சுடறேங்க." வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்கிற மாதிரி அவ்வளவு நிதானம். அம்மா, "நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்தாள். சுகந்தி பார்த்த பார்வையில் முடிக்காமலே அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வைத்தியலிங்கம் கூப்பிட்டார். "எத்தனை பேருக்குப் போயிருக்கு இந்த சைபர்?"

"அந்த நாலு நட்சத்திரத்துப் பொண்ணுங்க எல்லாருக்கும் சார்."

"போன் எடுக்க முடியலம்மா. கடையை மூடிட்டீங்களே. நாளைல இருந்து வேலைக்கு வராதீங்க."

"நாளைக்கு மாட்டுப் பொங்கல் சார். எப்படியும் லீவுதான்" என்றேன்.

ஜனவரி 15, புதன்

எட்வின் போன். ஆபீஸ் வாசலில் பெற்றவர்கள் கூடி நிற்கிறார்களாம். பூட்டியிருக்கிறது என்று சொன்னாலும் போகவில்லையாம். நிற்கட்டும். நாலு வருஷம் கழித்தாவது யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்கட்டும்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பூ வைக்க யாரும் வரவில்லை. அம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். நானும் சுகந்தியும் புளியோதரை கட்டிக்கொண்டு முக்கொம்பு போனோம். கூட்டமோ கூட்டம். காவிரியை ஒட்டி ஒரு மரத்தடியில் இடம் பிடித்தோம்.

எனக்கு வாய் ஓயவில்லை. வைத்தியலிங்கத்தைத் திட்டினேன். நட்சத்திரம் எழுதிக்கொடுத்த ஜோசியனைத் திட்டினேன். கேட்டதை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டுப் போன அந்த முகம் தெரியாத நிரல்காரனைத் திட்டினேன். பெண் மூலம் நிர்மூலம் என்று பழமொழி கட்டியவனின் பரம்பரையையே இழுத்தேன். நான் மட்டும் அதைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் இன்று நீ பெரம்பலூர்க்காரன் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாய் என்றும் சொன்னேன். உண்மைதானே.

அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்:

"அவங்க யாரும் என்னைப் பாக்கலைக்கா. அது இப்ப தெரிஞ்சுபோச்சு. அதுல எனக்கு இனிமே வருத்தம் இல்லை. ஆனா நீ தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? நீ எதுக்குக்கா என் மூஞ்சிலதான் ஏதோ குறைன்னு நெனச்ச?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.